ரெய்ண்டர் போல்ஹவுஸின் இடது கை

"ஆடாம உக்காருங்கப்பா. இன்னும் ஒரு பட்டன்தான்."

அலைடா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து தந்தையின் வெள்ளை உடுப்பைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வாள்வீச்சுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தடித்த துணி உடுப்பு அது. வலக்கையால் வாள் பிடிப்பவர்களுக்குப் பட்டன் ஒரு பக்கம், இடக்கைக்காரர்களுக்கு மறுபக்கம். ரெய்ண்டர் போல்ஹவுஸ் பிறவியில் வலக்கைக்காரர். அந்தக் கையால்தான் நாட்டின் வெட்டுவாள் பட்டத்தை வென்றார். அந்தக் கையால்தான் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தொடுகையில் பதக்கத்தைக் கோட்டை விட்டுவிட்டு வந்தார். இப்போது அந்தக் கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல. அவர் மனைவி யாண்டீனா பட்டன்களையெல்லாம் பிரித்து மறுபக்கம் மாற்றித் தைத்திருந்தாள்.

வாசற்கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு மகன் ஓக்கோ நின்றான். கடற்படைச் சீருடையில் இருந்தான். அப்பாவைப் போலவே கப்பல்காரன்.

"நான் விடமாட்டேன். டாக்டர் என்ன சொன்னார்? மாடிப்படி ஏறக்கூடாதுன்னார். இவர் வாள் தூக்கிட்டுப் போறாராம்."

"படி ஏறக்கூடாதுன்னுதான் சொன்னார்," என்றார் ரெய்ண்டர். வாதம் வந்ததிலிருந்து வாயின் ஒரு ஓரம் வழியாகத்தான் சொல் வெளியே வரும். "வாளைப் பத்தி அந்த ஆளுக்கு என்ன தெரியும்?"

"அப்பா, இது விளையாட்டில்ல."

"விளையாட்டுதாண்டா. அதனாலதான் போறேன்."

சனிக்கிழமை காலை. நவம்பர் காற்று கடலணையைத் தாண்டி வந்து டென் ஹெல்டர் நகரத்தின் கூரை ஓடுகளைத் தடதடவென்று ஆட்டியது. துறைமுகத்துக் கடற்படைக் கூடத்தில் அன்று ஆண்டுக்கொருமுறை நடக்கும் வாள்வீச்சுப் பந்தயம். கப்பல்காரர்களும் தரைப்படைக்காரர்களும் பகல் முழுக்கக் குத்திக்கொள்வார்கள். பிறகு தோளில் கை போட்டுக்கொண்டு ஜெனிவர் சாராயம் குடிப்பார்கள். அதன் நடுவில் ஒரு ஆட்டம் தனக்கு வேண்டும் என்று ரெய்ண்டர் கேட்டிருந்தார். எதிராளி யார் என்றும் அவரே சொல்லிவிட்டார். தன் மகள்.

அலைடா அல்க்மாரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெல்லிய குத்துவாளில் நாட்டின் பட்டம் தொடர்ந்து அவளிடம்தான் இருந்தது. வெட்டுவாளைப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. அப்பாவின் ஆயுதம் எனக்கு ஏன் இல்லை என்று பதினாறு வயதில் அவள் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. வாதம் வந்து அப்பா கிடந்தபோது, அந்தக் குத்துவாளைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில் வைத்தவள் அவள்தான். அது லேசான ஆயுதம். வாரம் தவறாமல் ரயிலில் வருவாள். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த குறுகிய நடையில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். இத்தனை மாதத்தில் அவர் வாளின் முனை ஒரு தடவைகூட அவள் உடம்பைத் தொட்டதில்லை.

"நீயா ஒண்ணு விட்டுக்குடுத்தே, அப்புறம் நீ எனக்குப் பொண்ணே இல்ல," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"கனவுல கூட நினைக்காதீங்க," என்று அவளும் சொல்லியிருந்தாள்.

ஓக்கோ கதவை விட்டு நகரவில்லை. அப்போது யாண்டீனா சமையலறையிலிருந்து வந்தாள். நல்ல கோட்டும் தொப்பியும் போட்டிருந்தாள். கைப்பை முழங்கையில் தொங்கியது. வாள்வீச்சுக் கூடத்துப் பக்கமே வராதவள். ஆண்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்வதைப் பார்க்கக் காசு கொடுத்தாலும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே?" என்றான் ஓக்கோ.

"உங்கப்பா கூட. நாற்காலியில உக்காந்து சாகறதுக்கா இந்த மனுஷன் ஜாவாவுல யுத்தக் கைதி முகாம்ல மூணரை வருஷம் பட்டினி கிடந்து உயிரோட வந்தார்? நகரு. இல்லேன்னா வண்டியை எடு. ரெண்டுல ஒண்ணு செய்."

ஓக்கோ வண்டியை எடுத்தான்.

கூடத்தில் அவர்கள் நுழைந்ததும் வாள்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு பக்கம் ஓக்கோ, மறுபக்கம் கைத்தடி; நடுவில் ரெய்ண்டர் வலது காலை இழுத்து இழுத்து வந்தார். அந்த அமைதியை உடைத்தவர் ஸ்நூக்தான். எவெர்ட் ஸ்நூக், குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளும் மீசையும் நெடுநெடுவென்றிருக்கும். இளமையில் ரெய்ண்டரோடு மோதாத பந்தயமே கிடையாது. அன்று அவர்தான் நடுவர்.

"என்னடா மாலுமி, கப்பல் ஒரு பக்கமா சாயுது?"

"சாய்ஞ்சாலும் மிதக்குது. உன் குதிரை எங்க? நீ நடந்து வர்றதைப் பாத்தா அது உன்னைத் தூக்கிப் போட்டு நாளாச்சு போலிருக்கே."

கூடம் சிரித்தது. ஸ்நூக் குனிந்து அவர் கன்னத்தைத் தட்டினார். நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆட்டத் தடத்தின் நான்கு மூலைகளிலும் பக்க நடுவர்களை நிறுத்தினார். உடம்பில் எங்கே முனை பட்டது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. கையிலோ காலிலோ பட்டால் கணக்கில்லை. மார்பு, வயிறு, முதுகு மட்டும். முதலில் ஐந்து தொடுகை வைப்பவருக்கு வெற்றி.

கைத்தடியை ஓக்கோவிடம் கொடுத்துவிட்டு ரெய்ண்டர் நின்றார். இடது கால் முன்னால். வலது கால் பின்னால் முளைக்குச்சி போல ஊன்றியிருந்தது. முகத்துக்கு நேரே வாளை உயர்த்தி மகளுக்கு வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். இருவர் முகங்களும் கம்பிவலைக்குப் பின்னால் மறைந்தன.

முதல் தொடுகை அவர் மூச்சு விடுவதற்குள் விழுந்தது. இரண்டாவதை அவர் தடுத்தார். தடுத்த வாளைச் சுற்றிக்கொண்டு அவள் முனை உள்ளே போய்விட்டது. மூன்றாவது விலாவில். ஒவ்வொரு தடவையும் ஸ்நூக் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறக்கிச் சொன்னார். விளிம்பில் நின்ற இளம் அதிகாரிகள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவரை, பாதி உடம்பு செத்த கிழவரை, பெற்ற மகளே இப்படிக் குத்துகிறாளே என்று அவர்கள் நினைத்தது அலைடாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார். நான்காவதை நெஞ்சில் வைத்தாள்.

"நாலு. பூஜ்யம்," என்றார் ஸ்நூக். "மாலுமி, கொஞ்சம் உக்காரேன்?"

"நீ உக்காரு. கால் உனக்குத்தான் நடுங்குது."

ஐந்தாவதுக்கு அலைடா தன் கைவந்த வித்தையை எடுத்தாள். வயிற்றுக்குக் குறிவைப்பது போலக் கீழே போக்குக் காட்ட வேண்டும்; எதிராளியின் வாள் கீழே இறங்கும் கணத்தில் மேலே நெஞ்சில் பாய வேண்டும். இதில்தான் ஜெர்மன் நாட்டுப் பட்டக்காரியையே வீழ்த்தினாள். இதில்தான் நடையில் வாரத்துக்கு வாரம் அப்பாவும் ஏமாந்தார். கீழே காட்டினால் கீழேதான் வருவார்.

காட்டினாள். அவர் வாள் கீழே வரவில்லை.

இடது கை நேராக, கதவுத் தாழ்ப்பாள் போல நீண்டது. அவள் ஏற்கெனவே பாய்ந்திருந்தாள். பாய்ந்தவளுக்குத் திரும்ப வழியில்லை. தன் முழு வேகத்தோடும் போய் அந்த முனையில் மோதினாள். வலது தோள்பட்டைக்குக் கீழே மார்பில் பட்ட வாள் வானவில்லாக வளைந்து நின்றது. அவளுடைய முனை அவரைத் தொடவே இல்லை. ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

பக்க நடுவர்கள், பார்த்ததை நம்பாமல், கையைப் பாதி தூக்கி நிறுத்திவிட்டார்கள்.

"பட்டுது!" என்று அலைடாதான் கத்தினாள். "என் மேல பட்டுது!"

அதன் பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சத்தம் துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். தரைப்படைக்காரர்கள் கால்களால் தரையை உதைத்தார்கள். ஸ்நூக் தொப்பியை எறிந்தார். அது விட்டத்தில் சிக்கிக்கொண்டது. பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடி யாண்டீனா எழுந்து நின்றிருந்தாள்.

"தயார்!" என்றார் ரெய்ண்டர். "ஆட்டம் முடியல. என்ன, எல்லாரும் கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க?"

ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த மூச்சிலேயே அலைடா ஐந்தாவது தொடுகையை அவர் நெஞ்சில் வைத்தாள். அன்று வைத்தவற்றில் ஆகச் சுத்தமானதும் ஆக வலுவானதும் அதுதான். அவர் முகமூடியைக் கழற்றியபோது, வியர்வையில் நனைந்த முகத்தின் ஒரு பாதி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. மறுபாதியும் முயன்றது.

வீட்டுக்கு வந்து பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். அதில் கிடந்த பன்றிக்கறித் துண்டை டாக்டர் வேண்டாம் என்றது நினைவிருக்கிறதா என்று ஓக்கோ கேட்டதற்கு, ஞாபகம் இல்லை, வாதம் வந்தவனுக்கு மறதி சகஜம் என்றார். ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உடுப்பைக் கழற்ற விடவில்லை. மேஜையருகே அலைடா எண்ணெய்த் துணியால் வாள்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாண்டீனா காபிக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"யாண்டீனா, பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

"ஊரே பாத்துது, ரெய்ண்டர். குடி, ஆறிடும்."

அவர் தலையாட்டினார். சிறிது நேரம் கழித்து யாண்டீனா கோப்பையை எடுக்கப் போனாள். காபி அப்படியே இருந்தது. அவள் கோப்பையை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அலைடா துணியைக் கீழே வைத்தாள். வெளியே புகைபிடிக்கப் போயிருந்த ஓக்கோ உள்ளே வரும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.

புதன்கிழமை அடக்கம். சவப்பெட்டியின் மேல் கொடி, கொடியின் மேல் அவருடைய தொப்பியும் கடற்படை வாளும். கல்லறைத் தோட்டத்து வாசலில் இருபுறமும் வாள்வீச்சுக்காரர்கள் நின்று வாள்களை உயர்த்தி வளைவு பிடித்தார்கள். ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் தரை. பெட்டி அதனடியே போனது. காற்றில் மெல்லிய வாள்கள் ஒன்றோடொன்று பட்டுச் சன்னமாகக் கிணுகிணுத்தன.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அலைடாவுக்கு மட்டும் காதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். "உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா." "கடைசியா அவருக்கு ஒரு சந்தோஷத்தைக் குடுத்தியே." "பெத்தா இப்படிப் பொண்ணைப் பெக்கணும்." முதல் ஆளிடம், இல்லை, நான் கொடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவர் இன்னும் உருகி, தன்னடக்கம் வேறு என்று அவள் கையை அழுத்தினார். அப்பாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றியை எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பது போல இருந்தது. காபிக்கும் கேக்குக்கும் வீட்டில் கூடியபோது அவள் தன் தட்டைத் தொடாமலே மேஜையில் வைத்தாள்.

ஓக்கோ அவளை நடைப்பக்கம் கூட்டிப்போனான். கண்கள் சிவந்திருந்தன.

"அலைடா, நான் உன்கிட்ட கோவமா இருந்தேன். அங்க கூட்டிட்டுப் போயிருக்கவே கூடாதுன்னு. ஆனா நீ அந்த ஒண்ணை விட்டுக்குடுத்தே பாரு... அதுக்கு நான் உனக்கு..."

"விட்டுக்குடுக்கல."

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு. நானும் வாள் பிடிச்சவன்தான். ஜெர்மன்காரியால தொட முடியாத உன்னை, பின்கால் விளங்காத எழுபது வயசுக் கிழவர் தொடுவாரா?"

"தொட்டார்!"

அவள் குரலில் முன்னறையில் பேச்சு நின்றது. கேக் தட்டுகளோடு முகங்கள் திரும்பின.

"அவரைக் கிழவர்ங்காதே! விட்டுக்குடுத்தா பொண்ணே இல்லன்னு சொன்னவர். அவர்கிட்ட நான் பிச்சை போடுவேனா? எப்படித் தொட்டார்னு எனக்கே தெரியல. இத்தனை மாசமா கீழே காட்டினா கீழேதான் வந்தார். அன்னிக்கு மட்டும் வரல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா பட்டுது!"

ஓக்கோ அவள் தோளைத் தொட வந்தான். அவள் தட்டிவிட்டாள். அங்கிருந்த அத்தனை பேர் முகத்திலும் பரிவுதான் இருந்தது. நம்பிக்கை ஒருவர் முகத்திலும் இல்லை. ஸ்நூக்கூடக் கண்ணாடிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னு எனக்குத் தெரியும்," என்றாள் யாண்டீனா.

காபிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கறுப்பு உடைக்கு மேலே ஒரு பழைய கம்பிவலை முகமூடியை மாட்டியிருந்தாள். கையில் சூப் கிண்டும் மரக்கரண்டி.

"அம்மா!" என்றான் ஓக்கோ.

"சும்மா இரு. தினமும் காலையில, அலைடா அல்க்மார்ல இருக்கிறப்போ, இந்த வேஷத்துலதான் நான் நிப்பேன். இஸ்திரி போடற கம்பளியை மடிச்சு மாருல கட்டிக்குவேன். அவர் கைத்தடி முனையில கார்க்கைச் சொருகிட்டு எதிர்ல நிப்பார். உருளைக்கிழங்கு அடுப்புல வேகும். நான்தான் அலைடா."

"என்னம்மா சொல்றே?" அலைடா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நீ கீழே போக்குக் காட்டறதுக்கு முன்னாடி முட்டியை லேசா மடக்கி எழுவியாம். ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கிற குழந்தை மாதிரின்னார். இப்படி."

யாண்டீனா முட்டியை மடக்கி எழுந்தாள். தடித்த காலுறையும் அடக்கத்துக்குப் போட்ட காலணியுமாக, அறுபத்தைந்து வயது உடம்பு குலுங்க, ஒரே ஒரு மடக்கு. பிறகு மரக்கரண்டி கீழே போய் மேலே எழுந்தது. அது அலைடாவேதான். நாடு முழுவதும் மோதியவர்கள் யாரும் கவனிக்காத, அலைடாவே அறியாத அலைடா.

"முட்டி மடங்கினதும் கையை நீட்டணும். கீழே பாக்கவே கூடாது. அது ஒண்ணைத்தான் பழகினார், வேற எதுவும் இல்ல. முதல்ல நூறு தடவை தப்பும். குளிர்காலம் பூரா குறி தப்பினார். அப்புறம் வசந்தத்துல என் மாருல குத்த ஆரம்பிச்சார். அப்பவே அவ மேல காட்ட வேண்டியதுதானேன்னேன். நடையில குத்தினா யார் பாப்பா, யாண்டீனா, ஒரு தடவைதான் இந்தப் பொண்ணு ஏமாறுவா, ரெண்டாந்தடவை மாட்டாள்னார். அதனால வாராவாரம் உன்கிட்ட வேணும்னே ஏமாந்துட்டு இருந்தார். நீ ரயிலுக்குப் போன அப்புறம் சமையக்கட்டுல உக்காந்து சிரிப்பார் பாரு, அந்த அரை வாயால. எனக்கும் அடக்க முடியாது. கையெல்லாம் உருளைக்கிழங்குத் தோலா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாண்டீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடிக்குள்ளிருந்து முதலில் ஒரு முனகல் மாதிரிதான் வந்தது; பிறகு தோள்கள் குலுங்கின. ஸ்நூக்தான் அடுத்து வெடித்தார். மீசையில் ஜெனிவர் தெறிக்க, தொடையில் அடித்துக்கொண்டு, "திருட்டு மாலுமி! திருட்டு மாலுமி!" என்று கத்தினார். "எங்க எல்லாரையும் அழ வச்சுட்டுக் குத்தினானே! நாலு தடவை என் குரலை உடைய வச்சானே!" சாவு வீடு முழுக்கச் சிரித்தது. தெருவில் போன யாரோ ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓக்கோ மட்டும் சிரிக்கவில்லை. நடையின் நடுவில் வந்து நின்றான்.

"அம்மா, இன்னொரு தடவை செய்."

யாண்டீனா செய்தாள். முட்டி மடங்கியதும் அவன் இடது கையை நேராக நீட்டினான். விரல் நுனி அம்மாவின் தோளுக்குக் கீழே போய் நின்றது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, காலணிகளின் குதிகால்களைச் சேர்த்து, மேலதிகாரியிடம் சொல்வது போலச் சொன்னான்.

"பட்டுது."

"ஆமா," என்றாள் அலைடா.

ஸ்நூக் குவளையைத் தூக்கினார். "அஞ்சுக்கு ஒண்ணு! கப்பல் படையோட அந்த ஒரு தொடுகைக்கு!" தரைப்படைக்காரர்கள்தான் முதலில் குடித்தார்கள்.

விருந்தாளிகள் போய், ஓக்கோ கடைசிக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேலே தன் பழைய அறையில் அலைடா கறுப்பு உடையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாண்டீனா போர்வை கொடுக்க வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள். மகளின் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு காயம் கன்றிப்போய், நடுவில் கருநீலமும் ஓரத்தில் மஞ்சளுமாக இருந்தது.

"சொல்லவே இல்லையே. இரு."

கீழே போய்த் தைலப் புட்டியோடு வந்தாள். மூடியைத் திறந்து விரலில் ஊற்றப் போனாள்.

"வேணாம்மா."

"எரியாதுடி."

"அதுக்கில்ல. தானா போகட்டும்."

யாண்டீனா காயத்தைப் பார்த்தாள். பிறகு புட்டியின் மூடியைத் திருகி மூடி, கட்டிலில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.